அக்கா ஏன் கதைக்கேல்லை?

அத்தியாயம் பதினொன்று

விடிந்ததிலிருந்து நாகேஸ்வரி கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

இன்று லண்டனில் அவளுடைய தம்பிக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன். நாள் மட்டும் முன்பே தெரியும். எந்த நேரம் உள்ளே கொண்டுபோவார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவன் பயந்துபோய் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. தெரியாதபடி செய்துவிட்டார்கள்.

போன வாரங்களில் கூடவே வந்தவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், நாகேஸ்வரியும் கணவர் சிவானந்தனும் மகள் உஷாந்தியும் இருக்கிறார்கள். சொந்தபந்தம் எல்லாம் ஒவ்வொரு நாட்டுக்கும் போய்விட, கொழும்பில் மிஞ்சியவள் நாகேஸ்வரி. காலைத் தேநீரோடு அவுஸ்திரேலியா, பின்னேரம் லண்டன், படுக்கப் போகுமுன் கனடா என்று கதைத்துவிடுவாள். யாருக்குச் சீனி கூடிப்போனது, யார் வீடு மாறினார்கள், யாருடைய பிள்ளைக்குப் பல் முளைத்தது, எல்லாம் அவள் வாயால்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். சிவானந்தன் அவளைத் 'தந்திக் கந்தோர்' என்பார்.

தம்பி தில்லைநாதனின் ஒரே மகள் சுபோதினிக்கு மெல்பேர்ணில் ஒரு சம்பந்தம் சரிவந்து, மண்டபம் பார்க்கிற அளவுக்குப் போய், திடீரென்று குழம்பியது. அந்தப் பிள்ளைக்கு முன்பே ஒருவனோடு கல்யாண எழுத்து, அதாவது பதிவு, நடந்து, சேர்ந்து வாழாமலே அது ரத்தாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்தகப்பனுக்கு அந்தச் சங்கதி கொழும்பிலிருந்து போயிருக்கிறது.

கொழும்பு என்றால் நாகேஸ்வரி. வேறு யார்?

'எங்கட ஆக்கள்' என்ற வட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். தம்பி வீட்டு எண்கள் எல்லாம் அவளுக்கு அடைபட்டுப்போயின. தாய்க்காகச் சண்டை போட்ட உஷாந்தியும், நாலு சூடான வரிகளை எழுதிவிட்டுத் தானாகவே குழுவிலிருந்து விலகினாள்.

இனி இன்றைய கதை.

"அம்மா, திரும்பத் திரும்ப எடுக்காதேங்கோ. அவை உங்களை அடைச்சு வச்சிருக்கினம். ரிங்கே போகாது," என்றாள் உஷாந்தி. வேலைக்குப் போகும் அவசரத்திலும் பாணை மென்றபடி தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கெண்டாலும் திறந்திருப்பினம் எண்டு பாத்தன்."

"கெஞ்சாதேங்கோ எண்டு சொல்லுறன். நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. அவையளா வந்து மன்னிப்புக் கேக்கட்டும்."

"கேக்கிறதுக்கு அவன் உயிரோட எழும்ப வேணும் பிள்ளை."

உஷாந்தி மென்றதை விழுங்கினாள். பிறகு தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கோவன் அப்பா."

"நான் என்னத்தைச் சொல்ல," என்றார் சிவானந்தன், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

அவர் அப்படித்தான். புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊராரின் சொல்லையெல்லாம் மூன்று மொழிகளில் மாற்றி மாற்றிச் சொல்லிக் களைத்துத்தானோ என்னவோ, தன்னுடைய சொல் என்று அதிகம் வைத்துக்கொள்ளமாட்டார். போன் என்றால் எட்டடி தள்ளி நிற்பார். யாராவது வெளிநாட்டிலிருந்து அவரைக் கேட்டால், "சுகமாம் எண்டு சொல்லும்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மகள் போனதும் நாகேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வாறன்."

பத்திரிகை கீழே இறங்கியது. "ஏன்?"

"மணி மச்சாள் குழுவில இருக்கிறாதானே. தம்பியின்ர சங்கதி அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இந்த வெயிலுக்குள்ளேயோ? போனில கேளுமன்."

"போனில சொல்ல மாட்டா. பயம்."

"அப்ப நேரில மட்டும் சொல்லுவாவே? வீணா ஏன் அலையிறீர்? அவ ஒண்டைக் கேட்டுட்டு ஒம்பதைச் சொல்லுற மனிசி. நீர் இப்ப இருக்கிற நிலையில அவவின்ர கதையெல்லாம் கேக்க வேண்டாம். பின்னேரம் ஏதும் ஒரு வழியில தெரியவரும்தானே."

சேர்ந்தாற்போல் இவ்வளவு சொற்களை அவரிடமிருந்து கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. நாகேஸ்வரி அதைப்பற்றி நின்று யோசிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஓட்டோ காலி வீதியில் விழுந்து விழுந்து போனது. "ஹெமின், மல்லி, ஹெமின்," என்று சிங்களத்தில் கெஞ்சிக் கெஞ்சி அவனை மெதுவாக ஓட்டவைத்தாள். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தில்லைநாதன் நண்டுக்கறி வைப்பான். போனைத் தேத்தண்ணீர்ப் போத்தலில் சாத்திவைத்துவிட்டு, "அக்கா, தூள் இப்ப போடட்டோ? புளி எவ்வளவு விட?" என்று கேட்டுக் கேட்டுச் சமைப்பான். லண்டனுக்குப் போன காலம் தொட்டு வைக்கிற கறி. அவனுக்கு அக்காவைவிட நன்றாகத் தெரியும். "உனக்குத் தெரியாதோடா?" என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவனும் கேட்பதை விட்டதில்லை. கடைசியாகக் கதைத்த ஞாயிறு மூச்சு வாங்கியதால் நின்றபடி கிளற முடியாமல் கதிரை போட்டு உட்கார்ந்து கிளறினான். அதற்குப் பிறகுதான் எல்லாம் அடைபட்டது.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு குறுக்கு ஒழுங்கையில், மேல்மாடி அறை ஒன்றில் நாகமணி தனியாக இருந்தாள். நாகேஸ்வரிக்கு அவள் மாமி மகள். கல்யாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மற்றதிலும் மங்கல்தான்.

"டீச்சர் மேலதான் இரிக்கிறாங்க. போங்க," என்றாள் கீழ்வீட்டு ஷஹீமா, வாசலில் அரிசி புடைத்தபடி.

படியேறி மேலே போகையில் நாகேஸ்வரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"ஆரது?"

"நான்தான் மச்சாள். நாகேஸ்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "வா. வந்து கதவைச் சாத்து," என்றாள் நாகமணி. லண்டனிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்பதுபோல.

நாகமணியின் போன் கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கியது. கண் தெரியாததால் எங்கே வைத்தோம் என்று தேட முடியாது. ஆகவே மாலைபோலப் போட்டிருந்தாள்.

"எப்பவாம் மச்சாள்?"

"இஞ்சத்தைய நேரத்துக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் உள்ள கொண்டு போவினமாம். முடியப் பின்னேரம் ஆறு ஏழு மணி ஆகுமாம்."

"ஆள் எப்பிடி இருக்கிறானாம்?"

நாகமணி நாடாவை விரலில் சுற்றினாள். "நேற்று எல்லாருக்கும் பொதுவா ஒரு குரல் அனுப்பினவன்."

"போடுங்கோ."

"வேண்டாம் நாகேஸ். உனக்குத் தாங்காது."

"போடுங்கோ மச்சாள்."

நாகமணி போனைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தடவித் தடவி அழுத்தினாள்.

தம்பியின் குரல் அறைக்குள் வந்தது. இளைத்த குரல். இருந்தாலும் அவன் குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு என்னை வெட்டித் தைக்கப் போகினம். பயப்பிட ஒண்டுமில்லை, டொக்டர்மார் கெட்டிக்காரர்..." ஒரு இருமல். "பிறகு, நாகேஸ் அக்கா இதில இருக்கிறாவோ? அக்கா ஏன் கதைக்கேல்லை? பிள்ளையிட்டை உனக்கு போன் போட்டுத் தரச்சொன்னா, போகுதில்லை எண்டுறாள். அக்கா, கோவமோ? நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ? ஒரு வார்த்தை அனுப்பிவிடு. அது போதும் எனக்கு."

அவ்வளவுதான். அதற்குக் கீழே எல்லோரும் கும்பிட்ட கைகளும் பூக்களும் போட்டிருந்தார்கள். அக்காவைப் பற்றி அவன் கேட்டதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அவனுக்குத் தெரியாதோ? என்னை எடுத்துவிட்டது?"

"தெரியாது. சம்பந்தம் குழம்பினது மட்டும்தான் தெரியும். உன்னைத்தான் சொல்லுகினம் எண்டது தெரியாது. நெஞ்சு ஏலாதவருக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டு சுபோதினி எல்லாருக்கும் தனித்தனியாச் சொன்னவள்."

"நான் கோவத்தில பேசாமல் இருக்கிறன் எண்டெல்லே அவன் நினைக்கிறான்!"

நாகமணி அவளைக் கையில் பிடித்துக் கட்டிலில் இருத்தினாள்.

"மச்சாள், உங்கட போனில ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிறன். இன்னும் உள்ள போயிருக்க மாட்டான். அங்க இப்பத்தான் விடியுது. ஒரே ஒரு வார்த்தை."

"குழுவிலேயோ?" நாகமணியின் கை தானாகப் போனை மூடிக்கொண்டது. "ஐயோ, வேண்டாம். என்னையும் எடுத்து விட்டினமெண்டா?"

"மச்சாள்..."

"நீ வீட்டில மனிசனோட, பிள்ளையோட இருக்கிறாய். எனக்கு ஆர் இருக்கினம்? விடிய எழும்பி இதைத்தான் பாக்கிறனான். ஆரோ ஒருத்தர் காலை வணக்கம் எண்டு ஒரு பூவைப் போட்டிருப்பினம். கண் தெரியாட்டிலும் நிறம் தெரியும். நானும் திருப்பி ஒரு பூப் போடுவன். ஒருநாள் நான் போடாட்டித்தான் அவைக்கு விளங்கும், நாகமணி முடிஞ்சுபோனா எண்டு. இதுவும் இல்லையெண்டா நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு கேக்க நாதியில்லை நாகேஸ்."

குழுவிலிருந்து விழுந்தவளுக்குத்தான் அந்தப் பயத்தின் அளவு தெரியும். நாகேஸ்வரி எழுந்தாள்.

"சரி மச்சாள். நான் போறன்."

கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இரு."

நாகமணி போனைக் கண்ணருகே பிடித்திருந்தாள். "குழுவில வேண்டாம். தில்லையின்ர போனுக்கே எடுக்கிறன். வாறது வரட்டும்."

மணி போனது. நீண்டநேரம் போனது. பிறகு ஒரு பெண் குரல். சுபோதினி.

"ஹலோ, மணி அன்ரி? அப்பாவை இப்ப ரெடி பண்ணிக்கொண்டு நிக்கினம். பிறகு கதைப்பமே?"

"பிள்ளை, ஒரு நிமிசம். நாகேஸ் இஞ்ச எனக்குப் பக்கத்தில நிக்கிறா. அப்பாவோட ஒரே ஒரு வார்த்தை..."

அந்தப் பக்கம் எங்கேயோ தூரத்தில் ஒரு ஆண்குரல் கேட்டது. 'ஆரது பிள்ளை?' என்பதுபோல இருந்தது. நாகேஸ்வரி பாய்ந்து போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "தம்பி!" என்றாள்.

"வைக்கிறன் அன்ரி."

அறுந்துவிட்டது.

இருவரும் அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஷஹீமாவின் சுளகுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சாள், சுவாமி சத்தியமா நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள் நாகேஸ்வரி. அழுகை இல்லாமல்தான் சொன்னாள். "தம்பி எனக்குச் சொன்னான். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டான். நான் எல்லாம் கதைக்கிற ஆள்தான். ஆனா இதைக் கதைக்கேல்லை."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

நாகமணி திடுக்கிட்டாள். பார்வையுள்ள கண்ணை அவள் பக்கம் திருப்பினாள். "உனக்குத் தெரியாதோ?"

"என்ன தெரியாதோ?"

"நான் நினைச்சன், நீ மனிசனைக் காப்பாத்துறாய் எண்டு. அதுதான் வாயைத் திறக்காமல் பழியை ஏத்துக்கொண்டு இருக்கிறாய் எண்டு."

நாகேஸ்வரி மீண்டும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

நாகமணி சொன்னது இதுதான். மாப்பிள்ளையின் பெரியப்பா பரமலிங்கம் ஹெவ்லொக் டவுனில் இருக்கிறார். அவருடைய மனைவி நாகமணியோடு ஒன்றாகப் படிப்பித்தவள். போன கிழமை பொரளையில் ஒரு செத்தவீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள்தான் சொன்னாளாம். கடற்கரையில் காலையில் நடக்கப் போகும்போது பரமலிங்கம், சிவானந்தனைக் கண்டிருக்கிறார். பெண்ணைப் பற்றி ஏதும் உண்டா என்று நேரே கேட்டிருக்கிறார். சிவானந்தனும் நேரே சொல்லியிருக்கிறார்.

"'கோட்டில வேலை செய்த மனிசன், கேட்டதுக்கு ஒளிக்காமல் சொன்னவர், அப்பிடி ஆள் இந்தக் காலத்தில கிடையாது' எண்டு அவ புகழ்ந்து சொன்னவ நாகேஸ். புகழ்ந்து."

திரும்பும் வழியில் கோட்டையும் காலிமுகத்திடலும் எப்போது கழிந்தன என்று நாகேஸ்வரிக்குத் தெரியாது. கோபம் உடனே வரவில்லை. முதலில் நினைவில் வந்தது ஒரு இரவுச் சாப்பாட்டு நேரம்.

சாப்பாட்டு மேசையில் உஷாந்தி போனும் கையுமாக உட்கார்ந்து, குழுவுக்கு எழுதுவதை உரக்க வாசித்து வாசித்து எழுதினாள். 'என்ர அம்மா ஒருக்காலும் இதைச் சொல்லியிருக்க மாட்டா. சொன்னவர் ஆரெண்டாலும் முதுகெலும்பு இருந்தா முன்னுக்கு வரட்டும்.' எதிரே இருந்த சிவானந்தன் தோடம்பழம் ஒன்றை உரித்துச் சுளை சுளையாகப் பிரித்து மகளுடைய கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். 'சாப்பிட்டிட்டு எழுது பிள்ளை' என்றார்.

பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் கோபம் வந்தது. வந்து, கழுத்துவரை நின்றது.

வீட்டுக்குள் போனபோது அவர் பல்கனியில் இருந்தார். மத்தியானச் சோறு மூடியபடி இருந்தது. அவரும் சாப்பிடவில்லை.

"நாகமணி என்ன சொன்னவ?" என்று கேட்டார், திரும்பாமல்.

"எல்லாம் சொன்னவ."

கீழே ரயில் ஒன்று கடலோரமாகப் போனது.

"அவர் நேரே கேட்டவர்," என்றார் சிவானந்தன். "'உங்கட மச்சான்ர பிள்ளை, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஏதும் இருந்தா சொல்லுங்கோ' எண்டு முகத்தைப் பாத்துக் கேட்டவர். நான் என்ன செய்யிறது? என்னாலை பொய் சொல்ல ஏலாது."

"ஓம். பொய் சொல்ல ஏலாது. பேசாமல் இருக்க ஏலும்."

"நாகேஸ்..."

"என்னைக் குழுவில இருந்து எடுத்த அண்டைக்குப் பேசாமல் இருந்தனீங்கள். பிள்ளை சண்டை பிடிச்ச அண்டைக்கும் பேசாமல் இருந்தனீங்கள். நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிச் செத்த போனை அமத்திறதைப் பாத்துக்கொண்டு, அங்காலை பேப்பர் வாசிச்சனீங்கள்."

"சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நாள் போகப் போக வாய் வரேல்லை." அவர் இப்போது திரும்பினார். கிழண்டுபோன முகமாக இருந்தது. "எல்லாரும் நீர்தான் எண்டு நினைச்சிட்டினம். உம்மோட எப்பிடியும் சமாதானமாகிடுவினம் எண்டு நினைச்சன். உம்மோட ஆர் எத்தினை நாளைக்குக் கோவிச்சுக்கொண்டு இருப்பினம்? எனக்கெண்டா..." நிறுத்தினார். "என்னோட கதைக்கிறதுக்கே ஆக்கள் இல்லை. நான் சொன்னனான் எண்டு தெரிஞ்சா ஒருத்தரும் திரும்ப வர மாட்டினம்."

அதைக் கேட்டு அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம், வேறொரு நாள் என்றால்.

"தம்பி கேக்கிறான், அக்கா கோவமோ எண்டு," என்றாள். "நேற்று எல்லாரிட்டையும் கேட்டிருக்கிறான். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. இப்ப அவனை உள்ள கொண்டு போயிருப்பினம். அவன் திரும்பி வராட்டி, அதை நினைச்சுக்கொண்டே போயிடுவான். உங்கட உண்மையை வச்சு நான் என்ன செய்ய?"

சிவானந்தன் எழுந்து உள்ளே போய், மேசை லாச்சிக்குள்ளிருந்து தன்னுடைய பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் அவரை யாரும் அழைப்பதில்லை. அவரும் யாரையும் அழைப்பதில்லை. ஆகவே அதை அடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சுபோதினியின்ர நம்பரை அமத்தித் தாரும்," என்றார்.

"ஏன்?"

"தாரும்."

நாகேஸ்வரி அமத்திக் கொடுத்தாள். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தார். மணி போவது அவளுக்கும் கேட்டது.

"ஹலோ?"

"பிள்ளை, நான் சிவானந்தன் மாமா."

"மாமா?" சுபோதினியின் குரலில் ஆச்சரியம். பிறந்ததிலிருந்து அவர் ஒருநாளும் அவளுக்கு எடுத்ததில்லை. "அப்பாவை உள்ள கொண்டு போயிட்டினம் மாமா. இன்னும் ஒண்டும் தெரியாது."

"அது... பிள்ளை, ஒரு சங்கதி." நீதிமன்றத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கதைத்த குரல் அது. இப்போது தடுமாறியது. "பரமலிங்கத்துக்குச் சொன்னது நான்தான். மாமி இல்லை. மாமிக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும். நான்தான் சொன்னனான்."

வாசலில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நாகேஸ்வரி திரும்பினாள். உஷாந்தி நின்றாள். தாயைப் பார்க்க வேளைக்கே வந்திருக்கிறாள். தோளிலிருந்த பை காலடியில் கிடந்தது. திறப்பு இன்னும் கதவில் இருந்தது.

அந்தப் பக்கம் சுபோதினி மெல்லக் கேட்டாள்.

"ஏன் மாமா?"

"அவர் கேட்டவர். அவைக்குத் தெரியாமல் இருக்கிறது சரியில்லை எண்டு..."

"அவருக்குத் தெரியும் மாமா. மாப்பிள்ளைக்கு நான் முதல் நாளே சொல்லிட்டன். அவற்ற அம்மா அப்பாக்குத்தான் மெதுவாச் சொல்லுவம் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் இருந்தனாங்கள். நாங்கள் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை."

சிவானந்தனின் வாய் திறந்தபடி இருந்தது.

"மாமி நிக்கிறாவோ?"

அவர் போனை நீட்டினார். நாகேஸ்வரி வாங்கினாள்.

"சொல்லு பிள்ளை."

"மாமி..." இப்போது அந்தக் குரல் உடைந்தது. "மாமி, காலமை மணி அன்ரி எடுத்த நேரம், அப்பா கேட்டவர் ஆர் எண்டு. மணி அன்ரி எண்டன். அக்கா ஏதும் சொன்னவவோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"உங்களில சரியான கோவத்தில இருந்தனான் மாமி. நாகேஸ் மாமி கதைக்க மாட்டாவாம் எண்டு சொன்னனான்."

நாகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவர். அப்பிடியேதான் கொண்டு போனவை. நான் என்ன செய்ய மாமி? நான் இப்ப என்ன செய்ய?"

சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. இவ்வளவு நாளும் நெஞ்சில் சேர்ந்துபோய்க் கிடந்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. அந்தப் பிள்ளையை வாழ்நாள் முழுக்க நித்திரை கொள்ளவிடாமல் செய்யும் ஒரு வசனம் அவளுக்குத் தெரியும். 'ஓம், அவன் அப்பிடியே போயிட்டா அது உன்னாலைதான்' என்று சொன்னால் போதும்.

"அழாதை," என்றாள். "அழாமல் கேள். அம்மா எங்கை?"

"கீழ போயிட்டா. தேத்தண்ணி குடிக்க."

"போய் அம்மாவுக்குப் பக்கத்தில இரு. அம்மாவுக்கு இது ஒண்டும் சொல்லாதை. அவன் கண் முழிச்ச உடனே இந்த நம்பருக்கு எடு. எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை. போனை அவன்ர காதுக்குள்ள வை. மிச்சம் நான் கதைக்கிறன்."

"முழிக்காட்டி, மாமி?"

நாகேஸ்வரி சுவரிலிருந்து கையை எடுத்தாள். "அம்மாவிட்டைப் போ பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

உஷாந்தி இன்னும் வாசலிலேயே நின்றாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" தாயைத்தான் கேட்டாள்.

"இண்டைக்குத்தான்."

"உஷா..." என்று சிவானந்தன் தொடங்கினார்.

"முதுகெலும்பு இருந்தா முன்னுக்கு வரட்டும் எண்டு எழுதினனான்," என்றாள் உஷாந்தி. குரல் உயரவில்லை. "உங்களுக்கு வாசிச்சும் காட்டினனான். எனக்குத் தோடம்பழம் உரிச்சுத் தந்தனீங்கள் அப்பா."

அவள் கதவிலிருந்து திறப்பைக் கழற்றினாள். பையை எடுத்துக்கொண்டு தகப்பனைத் தாண்டித் தன்னுடைய அறைக்குள் போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். சிவானந்தனுக்கு அதுதான் உறைத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து மனைவிக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அவள் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மடியில் போன் இருந்தது. ஆறு ஏழு மணிக்கு முன்னே ஒன்றும் தெரியவராது என்று அவளுக்குத் தெரியும். நாகமணி சொல்லியிருந்தாள். இருந்தாலும் கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

"ஒரு வாய் சோறு சாப்பிடுமன்," என்றார் அவர்.

"நீங்கள் சாப்பிடுங்கோ."

அவரும் எழும்பவில்லை. வெயில் பல்கனிக் கம்பிகளைத் தாண்டி உள்ளே சரிந்தது. பக்கத்து மாடியில் யாரோ உடுப்புகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணியும் ஆகியிருக்காது. மடியில் போன் அதிர்ந்தது.

வெளிநாட்டு எண்தான். ஆனால் இந்த நேரத்தில் அது அடிக்கக்கூடாது. இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. நாகேஸ்வரி அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எடும்," என்றார் சிவானந்தன். கதிரையைக் கிட்ட இழுத்து அவளுடைய கையைப் பிடித்தார். அவள் கையை விலக்கவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. உஷாந்தியின் அறைக்கதவு திறந்தது.